முகத்தம் எழுதியது பொய்யா?

அந்தச் சனிக்கிழமை காலை இத்தோ என் வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். தட்டிய விதமே சரியில்லை. "வாறன், வாறன்! கதவைக் கழட்டிப்போடாதை!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு போய்த் திறந்தேன்.

தலையில் வேலையிடத்து வலைத்தொப்பி அப்படியே இருந்தது. கையில் ஃபோன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. இடைவேளையில் ஃபோனைப் பார்த்தவள் ஒருவரிடமும் சொல்லாமல் ஓடி வந்திருக்கிறாள்.

இத்தோ மொராக்கோக்காரி. அட்லஸ் மலையின் ஏதோ ஒரு மடிப்புக்குள் இருக்கிறது அவளுடைய ஊர். ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த யூனிட். வேலிக்கு மேலால் கொத்தமல்லியும் ஊர்க்கதையும் மாற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். என்னை 'சிஸ்டர்' என்பாள். அவளுடைய ஆங்கிலமும் சரி, என்னுடையதும் சரி, ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அதனால் அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழிலேயே தருகிறேன்.

"இதை வாசியுங்கோ சிஸ்டர். நான் விளங்கினது சரியோ எண்டு சொல்லுங்கோ."

குடிவரவு அலுவலகத்தின் கடிதம். மகள் திலிலாவை இங்கே கூப்பிட அவள் யாரிடமும் கேளாமல் தானே போட்ட விண்ணப்பம் பற்றியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தகப்பன் மலைப்பாதையில் லொறி கவிழ்ந்து செத்துப்போனான். நாலு வருடமாகத் தாயும் மகளும் ஃபோனில்தான் முகம் பார்க்கிறார்கள்.

கடிதம் மரியாதையாகத்தான் கேட்டது. பிள்ளை தாயுடன் ஊரில் வசிக்கிறாள் என்று உங்கள் ஊர் நிர்வாகியான காயித் கையொப்பமிட்ட சான்றிதழ் சொல்கிறது. அந்தத் தேதியில் தாய் ஆக்லாந்தில் இருந்தார் என்று எங்கள் பதிவு சொல்கிறது. விளக்கம் தேவை. திருப்தியான விளக்கம் இல்லையென்றால், பொய்ப் பத்திரம் கொடுத்ததாகக் கருதி விண்ணப்பத்தை நிராகரிக்கலாம்.

"ஓம்," என்றேன். "நீ விளங்கினது சரி."

அவள் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டாள். பொய்ப் பத்திரம் என்று ஒருதரம் கோப்பில் விழுந்தால் அது லேசில் போகாது. அடுத்த விண்ணப்பத்திலும் அது வந்து முன்னால் நிற்கும். அதற்கிடையில் பிள்ளை வளர்ந்து பெரியவளாகிவிடும்.

அந்தக் கடிதம் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியில் நாலு நாள் கிடந்திருக்கிறது. பதில் சொல்லத் தந்த பத்து நாளில் மீதி ஆறு. வரும் வெள்ளி மாலை ஐந்து மணிதான் கடைசி. உள்ளே ரவை கருகி வீடெல்லாம் புகை மணந்தது.

மணியகாரரும் காயித்தும்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னாரில் பதினான்கு வருடம் கிராம சேவகராக இருந்தவள். சனம் 'ஜி.எஸ்.' என்று கூப்பிடும். இப்போது எல்லர்ஸ்லியில், கார்த்திக் என்ற கோயம்புத்தூர்த் தம்பி நடத்துகிற விசா ஆலோசனை அலுவலகத்தில் பத்திரம் சரிபார்க்கிறேன். அங்கே முத்திரை குத்தினேன். இங்கே மற்றவர்கள் குத்திய முத்திரையை உற்று உற்றுப் பார்க்கிறேன்.

இத்தோவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, காயித் யார், ஊரில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, இருந்த பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட கடவுளே, எங்கள் அரசாங்கக் கச்சேரிக் கதையேதான்!

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பக்கம் மணியகாரர், உடையார், விதானையார் என்று ஓர் ஏணி இருந்தது. மணியகாரர் வண்டியில் வந்தால் ஊரே எழும்பி நிற்குமாம். சால்வையை இடுப்பில் கட்டினால்தான் கதைக்கலாமாம். என் அப்பு இதைச் சொல்லும்போது இன்னும் அவருக்குக் கோபம் வரும். பிறகு அந்த ஏணியை எடுத்துவிட்டு, சோதனை எழுதிப் பாஸான உத்தியோகத்தர்களைப் போட்டார்கள்.

மொராக்கோ மலையிலும் அதே கதை. முன்னொரு காலத்தில் காயித் என்றால் மலைக்குக் குட்டி ராசா. வரியும் அவன் கையில், வழக்கும் அவன் கையில், சிறைகூட அவன் வீட்டிலேயே. பிரெஞ்சுக்காரன் வந்தபோதும் அவனை எடுக்கவில்லை. அவனை வைத்துக்கொண்டே மலையை ஆண்டான். இப்போதைய காயித் பட்டணத்தில் படித்தவர். அரசாங்கம் அனுப்புகிறது. சீருடை போடுவார், ஜீப்பில் வருவார், சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் இருக்கும்வரை அந்தப் பத்துப் பன்னிரண்டு ஊருக்கும் அவர்தான் அரசாங்கம்.

ஆனால் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று வெளியிலிருந்து வந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஊருக்குள்ளேயே ஓர் ஆள் இருப்பார். அவர் பெயர் முகத்தம். பிறப்பு, இறப்பு, சண்டை, கலியாணம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முகத்தம் எழுதுவார், காயித் கையெழுத்து வைப்பார்.

"அப்ப உங்கட முகத்தம்தான் நான்," என்றேன் இத்தோவிடம். "என்ரை டி.எஸ்.தான் உங்கட காயித்." நான் எழுதிக் கொடுத்ததில் எங்கள் பிரதேச செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சனம் வாழ்ந்தது, செத்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்கோ, அந்த மனுசன் ஏன் இப்பிடி எழுதினவர்? நான் தங்கச்சியிட்டைச் சொன்னது, பிள்ளைக்கு ஒரு பேப்பர் எடுத்து அனுப்பு எண்டு மட்டும்தான்."

"என்னத்துக்குப் பேப்பர் எண்டு அவருக்குச் சொன்னதோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். சொல்லவில்லை. அங்கேதான் பிழை.

அடுப்பை எண்ணுகிற ஊர்

மெல்ல மெல்லத்தான் விஷயம் வெளியே வந்தது.

அந்த ஊரில் மேய்ச்சல் நிலமும் வால்நட் தோப்பும் ஊருக்குப் பொது. வருடத்துக்கு ஒரு தடவை பங்கு பிரிப்பார்கள். பங்கு, ஊரில் இருக்கிற வீட்டுக்குத்தான். ஊரைவிட்டுப் போன வீட்டுக்கு இல்லை. எந்த வீடு இருக்கிறது, எது போய்விட்டது என்ற பட்டியலை முகத்தம் எழுதி காயித்திடம் கொடுக்க வேண்டும்.

"எங்கட ஊரில ஆளை எண்ணுறேல்லை சிஸ்டர், அடுப்பைத்தான் எண்ணுறது. என்ரை வீட்டு அடுப்பு இன்னும் எரியுது."

திலிலா சாப்பிடுவதும் படுப்பதும் பக்கத்துவீட்டில், சித்தியுடன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாயின் வீட்டைத் திறந்து, கூட்டி, அடுப்பை மூட்டித் தேநீர் வைப்பாள். கூரைக்கு மேல் புகை எழும்பும். ஊர் பார்க்கும். அடுப்பு எரிகிறது, அடுப்புக்காரி இருக்கிறாள், கணக்குச் சரி. விதவைப் பெண்ணின் பங்கு போய்விடக் கூடாது என்று முகத்தம் நாலு வருடமாக அவளை ஊரில் இருப்பவளாகவே எழுதி வந்திருக்கிறார். சான்றிதழ் கேட்டபோதும் அதையே எழுதிவிட்டார்: தாயும் மகளும் தங்கள் வீட்டில் வசிக்கிறார்கள்.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பச்சையாகச் சொன்னால், பொறாமையும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அருளப்பு

சண்டைக் காலம். ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் ஜி.எஸ். கையெழுத்தோடு இருக்க வேண்டும். சோதனைக்கு வருகிற இராணுவத்தினர் பட்டியலையும் ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பென்சில் சீவுவதுகூடச் சட்டப்படி செய்கிற வயது.

மேசன் அருளப்புவின் வீட்டுக்குப் பதியப் போனேன். அவன் வவுனியாவில் வேலைக்குப் போயிருந்தான். மனைவி ரெஜினா, "அவர் இங்கதான் மிஸ், வேலை முடிஞ்சு வந்திடுவார்," என்றாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். ஏழு என்றாள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் பெயரை வெட்ட வேண்டும் என்று மேலிடத்துச் சுற்றுநிருபம். அவன் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு அருளப்பு வீட்டுக்கு வந்தான். அந்தக் கிழமையே சோதனை வந்தது. பட்டியலில் பெயர் இல்லாத ஆம்பிளை. கொண்டுபோனார்கள். எட்டு மாதம் கழித்து விட்டபோது அவனுக்கு ஒரு காது கேட்காது.

நான் எழுதியது உண்மை. ஒவ்வோர் எழுத்தும் உண்மை. ரெஜினா அதற்குப் பிறகு கோயிலில்கூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

திங்கள் மாலை

திங்கட்கிழமை இத்தோவை ரயிலில் எல்லர்ஸ்லிக்குக் கூட்டிப்போனேன். கார்த்திக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தான். நெற்றியைத் தேய்த்தான்.

"அக்கா, ரொம்பச் சிம்பிளா முடிச்சிரலாமுங்க. டைப்பிங்ல தப்பு ஆயிருச்சுன்னு காயித் ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டாப் போதும்."

"அது தப்பில்லை தம்பி. அந்த மனுசன் தெரிஞ்சுதான் எழுதினவர். தப்பெண்டு சொன்னா அதுதான் முதல் பொய்."

"அப்ப என்ன பண்ணலாம்? நாலு நாள்தான் இருக்குதுங்க."

"நடந்ததைச் சொல்லுவம். அவையின்ரை ஊரில அடுப்பை எண்ணுறது எண்டு எழுதுவம். அதோட, உள்ளபடி ஒரு புதுச் சான்றிதழ் வேணும். தாய் நியூசிலாந்தில, பிள்ளை சித்தியோட. காயித் கையெழுத்தோட."

இத்தோவின் முகம் வெளிறியது. அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது அது எங்கே போய் முடியும் என்று. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

அங்கே காயித்தின் அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை ஏழரை. திங்கள் அங்கே சந்தை நாள், முகத்தம்மார் எல்லாரும் காயித் கந்தோருக்கு வருகிற நாள். மூன்று பேரும் பசியோடு காத்திருந்தோம். கார்த்திக் வாங்கிவந்த சமோசாவை யாரும் தொடவில்லை. ஏழரைக்கு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம்.

முதலில் ஒரு கிளார்க். காத்திருக்கச் சொன்னான். பதினொரு நிமிடம். கார்த்திக் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காயித் வந்தார். குரல் இளசு. அமைதியாகக் கேட்டார், அமைதியாகவே பதில் சொன்னார். இத்தோ எங்களுக்கு வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தன்னை இங்க மாத்தி ஆறு மாசம்தானாம். என்னைத் தெரியாதாம். முகத்தம் புதுசா எழுதிக் குடுத்தா, தான் கையெழுத்து வைப்பாராம்."

அப்பாடா என்று நான் மூச்சை விட்டேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆனா நான் வெளிநாட்டில எண்டு ஒரு பேப்பரில கையெழுத்து வச்சா, நிலப் பட்டியலில என்னை ஊரில இருக்கிறவளா வச்சிருக்கேலாதாம். ரெண்டிலயும் தன்ரை முத்திரைதானாம்."

நியாயம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"நீ வாயால் சொல்"

முகத்தம் ஃபோனுக்கு வந்தார். கரகரத்த குரல். அவர் கத்தத் தொடங்கியதும் மொழி தெரியாமலே எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு வருடமாக உன் பங்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், இப்போது என்னையே வெட்டச் சொல்கிறாயா?

இத்தோ அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். 'சிஸ்டர்' என்ற சொல் காதில் விழுந்தது.

"நீங்க உங்கட ஊரில முகத்தமா இருந்தனீங்கள் எண்டு சொன்னன்," என்றாள் இத்தோ. "ஊரைவிட்டுப் போன ஆக்களை நீங்க எப்பிடி எழுதினனீங்கள் எண்டு கேக்கிறார்."

"போயிட்டினம் எண்டுதான் எழுதினனான். அதுதானே உண்மை. சொல்லு."

சொன்னாள். பதில் வந்தது.

"என்னவாம்? சொல்லு!"

"அப்ப உங்கட ஊரில இப்ப எத்தினை பேர் மிச்சம் எண்டு கேக்கிறார்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. கார்த்திக் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் கீபோர்டைப் பார்த்தான். பாவம் அவன், கோயம்புத்தூரில் பிறந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? நான் போட்ட கோடுகளில் எத்தனை பேர் கனடா, எத்தனை பேர் இந்தியா, எத்தனை பேர் மண்ணுக்குள். எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

முகத்தம் என்னை விட்டுவிட்டு இத்தோவிடம் திரும்பினார். இப்போது கத்தவில்லை.

"சரி, எழுதுறாராம்," என்றாள் இத்தோ. குரல் உடைந்திருந்தது. "ஆனா தான் பாத்தது புகையைத்தானாம். புகை வாற வீட்டை, ஆள் இல்லை எண்டு தானா எழுதமாட்டாராம். நான் போயிட்டன் எண்டு என்ரை வாயால சொல்லவேணுமாம். காயித்தும் பக்கத்தில நிண்டு கேக்கிறார்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? அந்தப் பங்கு அவளுடைய மாமனார் காலத்திலிருந்து வந்த பங்கு. கணவன் விட்டுப்போனதில் மிச்சம் இருப்பது அதுதான். ஒரு சொல் சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை வராது. "பிள்ளையை நினை," என்றேன்.

இத்தோ இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோனுக்குக் குனிந்து சொன்னாள். சின்னச் சொல்தான். மறுபக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு லைன் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை

செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதன் ஒன்றும் வரவில்லை. வியாழன் இத்தோவின் தங்கச்சி புருசன் கந்தோருக்குப் போனால், காயித் ஏதோ ஊருக்கு ஜீப்பில் போய்விட்டாராம். "அந்தாள் மனசை மாத்திப்போட்டுதோ?" என்று இத்தோ வேலியால் கேட்டபோது, "சும்மா அலட்டாதை!" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பயம்தான்.

வெள்ளி காலை பத்து மணிக்கு, அங்கே வியாழன் இரவு, புதுச் சான்றிதழின் படம் ஃபோனில் வந்தது. நாலு வரி, முத்திரை, கையெழுத்து. தாய் நியூசிலாந்தில் வசிக்கிறார். மகள் சித்தியின் பராமரிப்பில். மொழிபெயர்ப்பாளரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இரண்டு மணிக்குள் ஆங்கிலத்தில் வாங்கினோம். விளக்கக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல கார்த்திக் எழுதினான். முதல் சான்றிதழில் ஏமாற்றும் எண்ணம் இல்லை, அது வேறொரு கேள்விக்கு எழுதிய பதில் என்ற வரியில் மட்டும் அவனுக்குச் சந்தேகம். "இதை ஒத்துக்குவாங்களாக்கா?" என்றான். "எழுது தம்பி," என்றேன். நாலு மணி பத்து நிமிடத்துக்கு அனுப்பினோம்.

பிறகு காத்திருப்பு. மழைக்காலம் முழுவதும் காத்திருப்பு. ஒருநாள் இத்தோ மறுபடி என் கதவைத் தட்டினாள். இந்தத் தடவை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். விசா கிடைத்துவிட்டது.

வருகை மண்டபத்தில்

ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் விமான நிலையத்தில் நின்றோம். கார்த்திக் பூங்கொத்தோடு வந்திருந்தான். கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். கடைசியில் விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு திலிலா வந்தாள். தாயைவிட அரை விரல் உயரம். இத்தோ அதை எதிர்பார்க்கவில்லை. கட்டிப்பிடிக்கப் போனவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுத அழுகைக்கு நாங்கள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கார் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது பிள்ளை தாயிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். பாடம் ஒப்பிப்பது போல, விரலை மடக்கி மடக்கி. இத்தோ நடையை நிறுத்தினாள்.

"என்ன? பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் ஏலாதோ?"

"இல்லை சிஸ்டர். முகத்தம் சொல்லிவிட்டவராம். நிலப் பட்டியலைத் தான் இன்னும் காயித்திட்டைக் குடுக்கேல்லையாம். மூக்குக் கண்ணாடி உடைஞ்சுபோச்சாம். புதுக் கண்ணாடிக்குப் பட்டணம் போகவேணுமாம். அதுவரைக்கும் ஒருத்தரின்ரை பேரையும் வெட்டேலாதாம்." மூக்கை உறிஞ்சினாள். "கண்ணாடி எப்ப எடுக்கவேணும் எண்டு என்னை எழுதி அனுப்பட்டாம்."

கார்த்திக் வாயைத் திறந்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டான்.

"நான் என்ன சொல்ல, சிஸ்டர்?" என்றாள் இத்தோ. "நீங்கதானே ஜி.எஸ்."

எனக்குச் சட்டம் தெரியும். பட்டியல் எந்த மாதத்துக்குள் போக வேண்டும், தாமதித்தால் யார் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் தெரியும். பதினான்கு வருடம் அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள் நான். பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு அவசரமும் இல்லை எண்டு சொல்லு," என்றேன்.